கூடு கட்டாத தேனீ பிறந்த கதை

அக்குறணைப் பக்கம் வீடு கட்டுவதென்றால் முதலில் மேட்டை வெட்ட வேண்டும். பிங்கா ஓயாவின் ஓரத்துச் சமநிலத்தைக் கடைகளும் ஏ-9 வீதியும் பிடித்துக்கொண்டன. மாரியில் மிச்சத்தை வெள்ளம் பிடித்துக்கொள்ளும். ஆகவே குடியிருப்பெல்லாம் சரிவில்தான். வெட்டிய மேடு வீட்டின் பின்பக்கம் ஆளுயரச் செம்மண் சுவராக நிற்கும். மதில் எழுப்பக் காசு சேரும்வரை அது அப்படியே கிடக்கும். கூரை நீட்டி நிற்பதால் நேர்மழை படாத, ஆனால் காலை வெயில் விழுகிற பகுதியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பென்சில் பருமனில் ஓட்டைகள் தெரியும். ஒன்றிரண்டல்ல, பக்கம் பக்கமாக.

அவை அமெகில்லா என்ற தேனீயின் வீடுகள். மார்பெல்லாம் பழுப்பு மயிர், வயிற்றில் நீலப் பட்டைகள், பூவுக்குப் பூ தாவும்போது ஓரிடத்தில் கண்ணை நிறுத்த விடாத வேகம். இலங்கையில் இந்தப் பேரினத்தில் பல இனங்கள் உண்டு. ஒன்றுக்குப் புத்தளத்தின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது, அமெகில்லா புத்தளமா என்று. தேனீ என்றதும் நமக்கு அடையும் ராணியும் ஆயிரக்கணக்கான வேலைக்காரிகளும் நினைவுக்கு வருவது பழக்கதோஷம். உலகின் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனித்தே வாழ்கின்றன. அவற்றிலும் பெரும்பங்கு மண்ணைத் தோண்டிக் குடியிருப்பவை. அமெகில்லாவும் அப்படித்தான். ஒரு பெண், ஒரு சுரங்கம். தோண்டுவதும் அவளே, சுமப்பதும் அவளே.

சுரங்கத்தின் உள்ளே களிமண் முட்டியைப் போல வாய் குறுகிய அறை ஒன்றைக் குடைவாள். அதன் சுவரில் தன் உடலிலிருந்து சுரக்கும் மெழுகுப் பொருளைப் பூசுவாள். ஈரம் உள்ளே வராது, உணவு வெளியே கசியாது. பின்கால் மயிர்களில் மகரந்தத்தை அடைத்துக்கொண்டு வருவாள், தேனையும் கக்கிக் குழைப்பாள். கூழ் போதுமான அளவு சேர்ந்ததும் அதன்மேல் ஒரேயொரு முட்டை. பிறகு மண்ணால் மூடி, அடுத்த அறை. தன் பிள்ளையின் முகத்தை அவள் பெரும்பாலும் காண்பதேயில்லை. கட்டிய அறைகளை விட்டுவிட்டு அவள் ஆயுள் முடிந்துபோகும்.

அதே மண்சுவருக்கு முன்னால் இன்னொரு தேனீ அவசரமில்லாமல் மிதந்து திரிவதைக் காணலாம். கரிக்கறுப்பு உடம்பு, அதன்மேல் வெள்ளையும் இளநீலமுமாகத் திட்டுத் திட்டாகப் புள்ளிகள். ஓட்டைக்கு ஓட்டை நின்று முகர்கிறது, உணர்கொம்பால் விளிம்பைத் தட்டுகிறது, விலகிப்போய் ஒரு வேரின்மேல் குந்துகிறது, திரும்ப வருகிறது.

“நானா, அது குளவியா?” என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வளவு ராத்தா கேட்டார்.

“தேனீதான் ராத்தா.”

“தேனீண்டா ஏன் மத்ததுகள் மாதிரி பூவுக்குப் போகாம ஓட்டைக்கு முன்னால நிக்குது?”

நல்ல கேள்வி. பூவுக்கு அதுவும் போகும், தன் வயிற்றுக்குத் தேன் குடிக்க. மகரந்தம் சேர்க்கத்தான் போகாது. சேர்க்க அதனிடம் கருவியே இல்லை. அதன் காலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், அமெகில்லாவின் காலில் அடர்ந்து நிற்கும் சுமைமயிர் அங்கே கிடையாது. இதன் பேரினப் பெயர் தைரியஸ். குயில் தேனீக்களில் ஒன்று. குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதுபோல இது அமெகில்லாவின் அறையில் முட்டையிடுகிறது. காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டியாவது வளர்க்கிறது. இங்கே ஊட்டல் எதுவும் இல்லை. அறையில் அடைத்துவைத்த உணவைத் தின்றுவிட்டு வளர்வதுதான்.

தைரியஸ் சேர்ந்த குலத்தில் தாய் பெரும்பாலும் மூடிய அறையையே தேடுகிறாள். வீட்டுக்காரி சுமந்து, முட்டையிட்டு, மண் வைத்து அடைத்துப் போன பிறகு இவள் வருவாள். மூடியைக் குடைந்து, தன் முட்டையை உள்ளே விட்டுவிட்டு, குடைந்த துளையை மறுபடி அடைப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடந்ததாகத் தெரியாது. முட்டையிலிருந்து வரும் புழு மற்றத் தேனீப் புழுக்களைப் போலச் சாதுவானதல்ல. அதன் தலையில் அரிவாள் வளைவில் இரண்டு கூரிய தாடைகள். அசைந்து தேடி, வீட்டுக்காரியின் முட்டையையோ இளம் புழுவையோ கடித்துக் கொல்லும். அதே அறைக்குள் இன்னொரு குயில் தேனீயின் புழு இருந்தால் அதற்கும் அதே கதி. ஓர் அறைக்கு ஒருத்தர். கொன்று முடித்துத் தோல் கழற்றியதும் அந்த அரிவாள் தாடைகள் போய்விடும். அதன்பின் அது கூழ் தின்னும் சாதாரண வெள்ளைப் புழு. ஒரு வேலைக்காக மட்டும் முளைத்து, அந்த வேலை முடிந்ததும் உதிர்கிற ஆயுதம் இது. எனக்கு இந்தக் கதையில் மிக வியப்பான இடமும் இதுதான்.

இப்படி ஒரு பிறவி எங்கிருந்து வந்தது?

சார்லஸ் டார்வின் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 1859 இல் வெளியான உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில், இயல்பூக்கத்தைப் பேசும் அத்தியாயத்தில், குயிலைப் பற்றிச் சொன்ன கையோடு ஒட்டுண்ணித் தேனீக்களுக்கு வருகிறார். குயிலை விட இவை அதிசயமானவை என்பது அவர் கருத்து. குயிலுக்குப் பழக்கம்தான் மாறியது; இந்தத் தேனீக்களுக்கோ பழக்கத்தோடு உடம்பும் மாறி, மகரந்தம் சேர்க்கும் கருவியே இல்லாமல் போய்விட்டது என்று காட்டினார். குயில் தேனீ எப்படிப் பிறந்தது என்று கேட்கிறவர் தொடங்க வேண்டிய இடம் அந்த இல்லாத மயிர்தான். ஒரு காலத்தில் இருந்தது, பிறகு போனது. இந்தத் திருடியின் முன்னோர் உழைப்பாளிகள்.

முதல் அடி எப்படி விழுந்திருக்கும் என்பதை ஊகிக்க இன்றைய உழைப்பாளித் தேனீக்களே உதவுகின்றன. மண்ணைத் தோண்டுவது சுலபமில்லை. பல இனங்களில், தோண்டச் சோம்பிய அல்லது தன் வீட்டை இழந்த பெண் ஒருத்தி, தன் இனத்தாளின் சுரங்கத்தையே பறித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள். நாளைக்கு அவளே வேறிடத்தில் ஒழுங்காகத் தோண்டவும் செய்வாள். திருட்டு அங்கே தொழில் அல்ல, கைகொடுத்த ஒரு வழி. இந்த வழி சில பெண்களுக்கு மற்றவர்களை விட நன்றாகக் கைகொடுத்து, அவர்கள் பிள்ளைகள் பெருகினால்? தலைமுறை தலைமுறையாகச் சுமைமயிருக்கு வேலை குறையும். வேலையில்லாத உறுப்பைப் பேணிவைக்க இயற்கைக்கு அவசியம் இல்லை. மறுபக்கம், பிடிபட்டால் கொட்டு வாங்க வேண்டியிருப்பதால் தோல் தடிக்கிறது. சுமந்து வளர்க்கிற சிரமம் இல்லாததால் முட்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது. தைரியஸின் குடும்பத்தில் உழைக்கிற தேனீக்களுக்குச் சூலகம் ஒன்றுக்கு வழக்கமாக 4 சூற்குழாய்கள். குயில் தேனீக்கள் பலவற்றில் அதை விடக் கூடுதல்.

பாதி வழியில் நிற்பது போன்ற ஒரு பேரினமும் உண்டு. ஸ்பெக்கோடெஸ் என்ற சிவந்த வயிற்றுத் தேனீ, ஹலிக்டிட் என்ற சிறு மண் தேனீக்களின் வீடுகளில் நுழைகிறது. அங்கே கொலையைப் புழு செய்வதில்லை. தாயே உள்ளே போய் வீட்டுக்காரியின் முட்டையை அழித்துவிட்டுத் தன் முட்டையை வைக்கிறாள். தாடை ஆயுதம் இன்னும் பிள்ளைக்குக் கைமாறவில்லை. இவளும் இவள் கொள்ளையடிக்கும் வீட்டுக்காரியும் ஒரே குடும்பம், நெருங்கிய சொந்தம். இலை வெட்டிக் கூடு கட்டும் மெகாகிலியும், அந்த இலைச் சுவரைத் தன் கூரிய வயிற்று நுனியால் துளைத்து முட்டை வைக்கும் சீலியொக்சிஸும் அப்படியே. இத்தாலிய எறும்பியல் அறிஞர் கார்லோ எமெரி 1909 இல் எறும்புகளை வைத்து இதைத்தான் சொன்னார்: ஒட்டுண்ணி, தான் ஒட்டிப் பிழைக்கும் இனத்துக்கு மிக நெருங்கிய உறவினமாகவே இருக்கும் என்று. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. பூட்டின் சூட்சுமம் சொந்தக்காரனுக்குத்தானே தெரியும்.

இந்த நியாயத்தை நம்பியே பூச்சியியலார் நீண்ட காலம் குயில் தேனீக்களின் வம்சத்தை வரைந்தார்கள். ஒவ்வொரு குயில் தேனீக் கூட்டமும் தன் தன் வீட்டுக்காரியின் வம்சத்திலிருந்து தனித்தனியாகப் பிரிந்திருக்கும் என்று எண்ணினார்கள். உடலைப் பார்த்து முடிவெடுப்பதில் ஒரு பொறி இருந்தது. மயிர் உதிர்வது, தோல் தடிப்பது, குளவிச் சாயல் வருவது எல்லாம் திருட்டுப் பிழைப்போடு ஒட்டி வருபவை. இரண்டு கூட்டங்கள் ஒன்றுபோல இருந்தால் அது சொந்தத்தாலா, ஒரே பிழைப்பாலா? உடலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2010 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் டான்ஃபோர்த், அவரோடு சோஃபி கார்டினல், செக் நாட்டின் யாகூப் ஸ்ட்ராகா மூவரும் மரபணுவைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்த்தார்கள். அப்பிடே என்ற பெரிய குடும்பத்தின் 33 குலங்களையும் சேர்த்து 190 இனங்களை ஒப்பிட்டார்கள். தேன்கூட்டுத் தேனீ, அமெகில்லா, தைரியஸ் எல்லாமே இந்தக் குடும்பம்தான். முன்பு நினைத்ததை விடக் குறைவாக, நாலே நாலு தடவைதான் இந்தக் குடும்பத்தில் குயில் பிழைப்பு பிறந்திருக்கிறது என்று தெரிந்தது. அதிலும் இந்தக் குடும்பத்துக் குயில் தேனீக்களில் 99 வீதமானவை ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள். தைரியஸும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். அமெகில்லாவின் சுவருக்கு முன்னால் நிற்கும் இவள் அமெகில்லாவின் வம்சத்திலிருந்து பிரிந்து வந்தவள் அல்ல. வேறெங்கோ, வேறு யாரையோ கொள்ளையடித்துப் பழகிய வம்சத்தில் வந்து, பிறகு இந்த வீட்டைக் கண்டுபிடித்தவள்.

அந்த மூதாதை எப்போது வாழ்ந்தாள் என்பதற்கும் அவர்கள் கணக்குப் போட்டார்கள்: சுமார் 9 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. டைனோசர்கள் அழிந்ததே 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். இலங்கையைத் தாங்கும் நிலத்தட்டு அப்போது தென்கோளத்தில், மடகஸ்காரை விட்டுப் பிரியாமல் கிடந்தது. பூக்கும் தாவரங்களே உலகில் பரவத் தொடங்கிய காலம் அது. தேனீக்கள் பூக்களிடம் தொழில் கற்ற கொஞ்சக் காலத்துக்குள், அந்தத் தொழிலைத் திருடும் தொழிலும் வந்துவிட்டது.

அவ்வளவு பழமை என்றால் எமெரியின் விதி ஏன் எல்லா இடத்திலும் செல்லவில்லை என்பதும் விளங்குகிறது. இளைய குயில்களுக்குத்தான் வீட்டுக்காரி சொந்தக்காரி. பழைய குயில்கள் வீடு மாறி மாறிப் போய்விட்டன. நோமடா என்ற குளவி போன்ற தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் அந்த்ரீனா என்ற மண் தேனீயை நம்பியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். இலங்கையிலும் நோமடா இருக்கிறது. ஆனால் இலங்கைத் தேனீப் பட்டியலில் அந்த்ரீனாவின் குடும்பமே இல்லை. இங்கே வந்த நோமடா வேறு கதவைத்தான் தட்டியிருக்க வேண்டும்.

கதவைத் திறக்க அவை பயன்படுத்தும் சாவியையும் சொல்லிவிட வேண்டும், அது வாசனை. 1977 இல் சுவீடனின் யான் தெங்யோ, குன்னார் பெரிஸ்த்ரோம் இருவரும் நோமடாவை ஆராய்ந்தபோது, ஆண் நோமடாவின் தலைச் சுரப்பியில் இருப்பது பெண் அந்த்ரீனாவின் வீட்டு மணம் என்று கண்டார்கள். கலவியின்போது ஆண் அந்த வாசனையைப் பெண்மேல் பூசிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. அதற்குப் பின் அவள் வீட்டுக்காரியின் மணத்தோடு வாசலில் நிற்கலாம். மணமகன் தரும் சீதனம் திருட்டுச் சாவி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடி ஆண்டுக் கதை என்பதால் நம்ப முடியாதது என்று தள்ளிவிட வேண்டாம். ஒட்டுண்ணித் தேனீ ஒன்று பிறந்ததை நம் காலத்திலேயே உலகம் பார்த்திருக்கிறது. தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பக்கம் வாழும் தேன்கூட்டுத் தேனீயில் ஒரு விசித்திரம் உண்டு. அங்கே வேலைக்காரித் தேனீ ஆணோடு சேராமலே பெண் முட்டையிட வல்லவள். 1990 இல் தேனீ வளர்ப்போர் இந்தக் கூடுகளை வடக்கே, வேறொரு தேனீ வகை வாழும் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இந்த வேலைக்காரிகள் அயல் கூடுகளுக்குள் நுழைந்து, வேலை செய்யாமல் முட்டையிடத் தொடங்கினார்கள். பிறந்த பெண்களும் அதையே செய்தார்கள். உழைக்க ஆளில்லாமல் கூடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. பிறகு மரபணுவை ஆராய்ந்தபோது, பரவியிருந்த அத்தனையும் 1990 இல் வாழ்ந்த ஒரேயொரு வேலைக்காரித் தேனீயின் பிரதிகள் என்று தெரிந்தது. அங்குள்ள தேனீ வளர்ப்பாளர்களுக்கு அது தீராத தலைவலி.

தைரியஸ் அப்படி வீட்டை அழிப்பதில்லை. அமெகில்லா இருக்கும் மட்டும்தான் தானும் இருக்க முடியும் என்ற கணக்குக்குள் கோடிக்கணக்கான ஆண்டு வாழ்ந்து பழகியவள். திரும்பிப் போகவும் அவளுக்கு வழியில்லை. குயில் பிழைப்புக்குப் போய்விட்டு மறுபடி மகரந்தம் சேர்க்கத் திரும்பிய தேனீ வம்சம் ஒன்றும் அறியப்படவில்லை. அவளுக்கென்று இரவு தங்க ஓர் ஓட்டைகூடக் கிடையாது. பொழுது பட்டதும் மெல்லிய காய்ந்த தண்டொன்றைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, கால்களை மடக்கி, காற்றில் நீட்டியபடி உறங்குவாள். சோம்பேறி, வஞ்சகி என்று பட்டம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உணவைத் தேடுவதற்குப் பதில் அவள் வீடுகளைத் தேடுகிறாள். காலை முழுவதும் ஒரு மண்சுவரைக் காவல் காக்கிறாள். அதுவும் பாடுதான்.

நம் நாட்டில் இவற்றைப் பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லை என்று நினைக்க வேண்டாம். சி. டி. பிங்ஹாம் 1897 இல் பிரித்தானிய இந்தியாவின் தேனீக்களையும் குளவிகளையும் தொகுத்தபோது இலங்கையையும் சேர்த்துக்கொண்டார். ஒல்லாந்தரான எம். ஏ. லீஃப்டிங்க் 1962 இல் இந்தோ-ஆஸ்திரேலியப் பகுதியின் தைரியஸ் இனங்களை ஒழுங்குபடுத்தினார். நமக்குக் கிட்டவே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஜே. பி. எதிரிசிங்கவும் இனோகா கருணாரத்னவும் பெல்ஜிய அறிஞர் அலைன் பவுலியோடு சேர்ந்து 2006 இல் இலங்கைத் தேனீப் பட்டியலைப் புதுப்பித்தார்கள். 148 இனங்கள். நாம் பெயர் சொல்லி அறிந்தவை எத்தனை? மலைத்தேனீ, பெட்டியில் வளர்க்கும் தேனீ, கொசுத்தேனீ என்று விரல் மடக்கும் முன்னே முடிந்துவிடும்.

148 இல் ஒன்றிரண்டு போனால் நமக்கென்ன என்று கேட்பவருக்கு அமெகில்லாவின் பக்கமிருந்து பதில் சொல்லலாம். கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் மகரந்தப்பைகளின் நுனி வழியாகத்தான் வெளியே வரும். உலுக்கினால்தான் தூள் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அமெகில்லாவுக்குத் தெரியும், பூவைக் கட்டிப்பிடித்துப் பறப்புத் தசையை அதிரவைக்கும். ஆஸ்திரேலியாவில் ஓர் அமெகில்லா இனம் வினாடிக்கு 350 தடவை வரை தலையால் மகரந்தப்பையை முட்டி உலுக்குவதை அளந்திருக்கிறார்கள். வளவில் கத்தரி நன்றாகக் காய்த்தால் உரத்துக்குப் பேர் போகிறது. பின் சுவரின் ஓட்டைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

அந்த ஓட்டைகள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்க்கக் குயில் தேனீயை விட நல்ல அளவுகோல் இல்லை. வீட்டுக்காரிகள் குறைந்தால் முதலில் பட்டினியாவது அவள்தான். கனடாவில் கோரி ஷெஃபீல்டும் கூட்டாளிகளும் 2013 இல் இதை ஒரு யோசனையாகவே முன்வைத்தார்கள்: ஓரிடத்தின் தேனீச் சமூகம் நலமாயிருக்கிறதா என்று அறிய, அங்கே குயில் தேனீக்கள் எத்தனை, எத்தனை வகை என்று எண்ணிப் பாருங்கள் என்று.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மாத்தளை வரை வீதியோரத்து மேடுகளெல்லாம் இப்போது சீமெந்துப் பூச்சுக்குள் போகின்றன. மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் மதில் கட்டத்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் சரியாத இடத்தையும் சேர்த்துப் பூசி மெழுகுவது பழக்கமாகிவிட்டது. வளவின் ஓரத்தில் இடுப்பளவு மண்மேடு ஒன்று, வெயில் படும் பக்கமாக, புல் மூடாமல், மருந்து அடிக்காமல் கிடந்தால் போதும். அதில் ஓட்டைகள் விழுந்தால் அடைக்காதீர்கள். நசுக்கினால் ஒழிய அந்தத் தேனீக்கள் கொட்டாது. நீலப் புள்ளி போட்ட கறுப்புத் தேனீ ஒன்று அந்த ஓட்டைகளைச் சுற்றத் தொடங்கினால் குளவி என்று விரட்டாமல் விட்டுவிடுங்கள். உங்கள் மேட்டில் அமெகில்லா நன்றாகக் குடியேறிவிட்டது என்பதற்கு அதை விட உறுதியான சாட்சி கிடைக்காது.